தொட்டில் பாருக்கு மெய்ம்மைச் சான்று

நாவலில் எழுதியிருப்பது நிஜம்தானா என்று சோதித்து முத்திரை குத்துவதற்குத் தூத்துக்குடியில் ஒரு ஆபீஸ் இருக்கிறது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம் மக்கா. பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டால் போதும்.

பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் அது இருந்தது. தென்கடல் இலக்கிய மெய்ம்மை நிறுவனம் என்று பெயர். உச்சியில் இருந்தும் அங்கிருந்து கடல் தெரியாது. கடல் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் அடைத்து ஏசி வைத்துவிட்டார்கள். உப்புக்காற்று பட்டால் கடலைப் பற்றிய கோப்புகள் கெட்டுப்போகுமாம்.

அதை ஏன் தொடங்கினார்கள் என்பதும் ஒரு கதைதான். கடலோரத்தைப் பற்றி ஒருவர் நாவல் எழுதினார். அதில் மீனவன் நடுக்கடலில் வலை போட்டுக் கெண்டை மீன் பிடித்தான். கெண்டை குளத்து மீன் என்று யாரும் கவனிக்கவில்லை. நாவலுக்குப் பரிசும் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு மீன்கடைக்காரர் சிரித்த சிரிப்பு பத்திரிகையில் வந்து, மேலிடத்தில் வெட்கமாகிவிட்டது. இனிமேல் கடலைப் பற்றிய புத்தகம் எதுவானாலும் சோதனை செய்து சான்று கொடுத்த பிறகுதான் அச்சேற வேண்டும் என்று விதி போட்டார்கள். அந்தச் சோதனையை நடத்தும் இயக்குநராகக் கெண்டை பிடித்தவரையே நியமித்தார்கள். தவறு எப்படி நடக்கும் என்று அனுபவத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. முனைவர் கிருபாநிதி என்பது அவர் பெயர்.

இந்த ஆபீஸுக்குத்தான் திரேஸ்புரத்து வளன் தன் நாவலைக் கொண்டுபோனார். ஐம்பத்துமூன்று வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். முப்பத்தெட்டு வருஷமாகத் தூண்டில் வள்ளத்தில் போகிறவர். ஆளைப் பார்த்தால் கவிஞர் என்று சொல்ல முடியாது. தூண்டில் நரம்பு இழுத்து அறுத்த தழும்புதான் இரண்டு கையிலும். ஆனால் பங்குக் கோயில் பத்திரிகையில் அவருடைய கவிதைகள் வரும். ஒன்று எனக்கு மனப்பாடம். ‘வலையில் விழுந்த நிலாவைத் தண்ணீரில் திரும்ப விட்டேன், இன்னும் வளரட்டும் என்று.’ அவ்வளவுதான் கவிதை.

நாவலுக்குப் பதினோரு வருஷம் ஆனது. ஏழு நோட்டு. ‘தொட்டில் பார்’ என்று பெயர் வைத்தார். பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி வளர்ந்ததும் பாரில்தான், மீன் வந்து அடைவதும் பாரில்தான். திரேஸ்புரத்தில் முப்பத்துநான்கு வள்ளங்கள் அந்த ஒரு பாரை நம்பித்தான் இருந்தன. மற்ற இடங்களை எல்லாம் இழுவைமடிப் படகுகள் அடியோடு அரித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கடலின் தரையைப் பெருக்கிக்கொண்டு போகிற பை போன்ற வலை அது. தொட்டில் பார் மட்டும் அவர்கள் கண்ணில் படாமல் தப்பிக் கிடந்தது. அது தப்பியிருக்கும் வரைக்கும்தான் முப்பத்துநான்கு வீட்டிலும் அடுப்பு எரியும்.

எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். அதைக் கண்டுபிடிக்கும் வழி கணியம். கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறையும்படி பிடித்தால் ஒரு கோடு. வேறு திசையில் இன்னும் இரண்டைப் பிடித்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் வள்ளம் நின்றால் அடியில் பார். ஜிபிஎஸ் கருவி எல்லா வள்ளத்திலும் இருக்கிறது. ஆனால் தொட்டில் பாரை மட்டும் யாரும் அதில் பதிய மாட்டார்கள். கருவி கைமாறும். தலைக்குள் இருப்பது கைமாறாது.

வாய் தவறியும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஏலக்கூடத்தில் ஒருவர், இது எங்கன பிடிச்சது என்று கேட்டால், வடக்கே போனவர் தெற்கே கை காட்டுவார். கேட்டவரும் பொய் என்று தெரிந்தே தலையை ஆட்டுவார். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. கோயிலில் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்வதில்லை. சாமியார் கேட்டாலும் தெற்கேதான் கை காட்டுவார்கள்.

இங்கேதான் வளனுக்கு வினை. நாவலின் அறுபத்தொன்றாம் பக்கத்தில் கணியம் வருகிறது. எழுதும்போது அவர் யோசிக்கவே இல்லை. மற்றதெல்லாம் நிஜமாக எழுதிய கை, அந்த இடத்தில் தானாகத் தெற்கே காட்டிவிட்டது. ஏலக்கூடத்தில் வைத்து முப்பத்துநான்கு வள்ளத்துக்காரர்களுக்கும் நாவலை வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. அவரவர் அத்தியாயம் வரும்போது அவரவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அறுபத்தொன்றாம் பக்கம் வந்ததும் மொத்தக் கூட்டமும் சிரித்தது. அந்த வள்ளக்காரர்களில் மூத்தவர் பவுல். எழுத்து வாசனை கிடையாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஏலே வளன், நீ எதை வேணும்னாலும் எழுதுல. இந்த ஒரு பக்கத்த மட்டும் மாத்திராத.”

அச்சாபீஸ்காரர் சான்று இல்லாமல் தொட மாட்டேன் என்றார். வளன் நிறுவனத்துக்குப் போய் ஏழு நோட்டையும் கொடுத்து, ஏழாம் எண் படிவத்தை வாங்கி வந்தார். நாற்பத்தொரு கேள்விகள். கதாநாயகியின் நிரந்தர முகவரி என்ன? கதையில் புயல் வரும் பட்சத்தில் அதன் பெயர் என்ன? பெயர் வைக்கும் முன்னாலேயே அடித்துவிட்டுப் போய்விட்டது என்று எழுதினார். கதையில் இறப்பவர்களின் இறப்புச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளதா? இறப்பவர் கற்பனை ஆள் என்று எழுதினார். அப்படியானால் அவர் ஒருபோதும் பிறக்கவில்லை என்பதற்குச் சான்று இணைக்கவும் என்று படிவம் திரும்பி வந்தது. நாவலின் முகப்பில் அவர் வைத்திருந்த நிலாக் கவிதைக்கும் ஒரு குறிப்பு இருந்தது: ஆசிரியர் தூண்டில்காரர், வலை யாருடையது?

பிறகு கள ஆய்வு. ஆய்வாளர் செந்தில்முருகன் பனங்காட்டுப் பக்கத்து ஆள், நல்ல பிள்ளை, கடலுக்குப் புதிது. இரண்டு நிபுணர்களோடு வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தான். கருவாட்டு வாடை மூக்கைத் துளைத்தது என்று நாவலில் இருந்ததால், களத்தில் நின்று மூன்று பேரும் தனித்தனியே மூச்சிழுத்து, மூக்கு துளைபடவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் வளன் வீட்டுக்கு வந்தார்கள். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் மனைவி கணவனை வைகிறாள். அதைச் சரிபார்க்க வேண்டும். வளனின் மனைவி பிலோமினாவிடம், அம்மா, கொஞ்சம் வையுங்கள் என்று கேட்டார்கள். அந்த அம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் எப்படி வைவது என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். அவர்கள் போகவில்லை. குசினி வாசலை மறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் பிலோமினா அகப்பையோடு வெளியே வந்தார். “மூணு தடியனுவ வாசலப் பிடிச்சு உக்காந்துக்கிட்டு வைய்யி வைய்யின்னா நான் என்ன ரேடியோப் பொட்டியா? சோறு ஆக்கவா வேண்டாமா? எந்திரிச்சுப் போங்கல அங்கிட்டு.”

செந்தில்முருகன் பவ்யமாக எழுந்து, ‘பக்கம் 112, சரி’ என்று குறித்துக்கொண்டான். ஒரே ஒரு வார்த்தை மட்டும் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது, இன்னொரு தடவை முடியுமா என்றும் கேட்டான். அதற்குக் கிடைத்த பதில் எந்தப் பக்கத்திலும் இல்லாததால் குறிக்கவில்லை.

மூன்றாவது சோதனை கடலில். அறுபத்தொன்றாம் பக்கத்தில் சொன்ன இடத்துக்கு வளனே வள்ளத்தில் கூட்டிப்போக வேண்டும். அன்றைக்குக் காலையில்தான் அவருக்கு உறைத்தது, அந்தப் பக்கத்துப் பொய் இன்றைக்கு மாட்டிக்கொள்ளும் என்று. இவர்களை நிஜமான இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. பொய்யான இடத்துக்குக் கொண்டுபோனால் புத்தகம் போயிற்று. கரையில் பவுல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வளன் வள்ளத்தைத் தெற்கே திருப்பினார்.

ஈயக்குண்டின் அடியில் சோப்பு அப்பிக் கயிற்றில் இறக்கினால் அடிமண் அதில் ஒட்டிக்கொண்டு வரும். இறக்கினார்கள். சேறு வந்தது. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்; அப்படி நூறு பாகம் தள்ளி இறக்கினார்கள். அங்கேயும் சேறு. செந்தில்முருகன் நான்கு தடவை வாந்தி எடுத்து, ஐந்தாவது தடவைக்கு முன்னால், ‘பார் இல்லை’ என்று எழுதி முடித்தான்.

பதினைந்தாம் நாள் விசாரணைக்கு ஓலை வந்தது. கல்யாணச் சட்டையைப் பிலோமினா தேய்த்துக் கொடுத்தார். ஏசி குளிரில் வளன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதைதானே ஐயா, ஒரு இடம் முன்னே பின்னே இருக்காதா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். முனைவர் கிருபாநிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

“திரு. வளன் அவர்களே, கடல் உங்கள் சொத்தல்ல. அது எங்கள் துறை. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடலைப் பற்றிப் பேசிவருகிறேன். ஒரு நாளும் அது என்னை மறுத்ததில்லை. ஏன் தெரியுமா? நான் அதன் பக்கத்தில் போய்த் தொந்தரவு செய்வதில்லை. போன ஆண்டு சிறந்த கடல் நாவல் என்று சான்று பெற்றவர் கொடைக்கானலில் இருக்கிறார். கடலைப் பார்த்ததில்லை. ஆனால் மீன்வளக் கையேட்டை முழுவதும் பார்த்தவர். அவருடைய நாவலில் காதலன் காதலிக்குக் கொண்டுவரும் மீனுக்குக்கூட லத்தீன் பெயர் இருக்கிறது. ஒரு பிழை இல்லை. நீங்கள் தினமும் கடலுக்குப் போகிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு இத்தனை குழப்பம்.”

பிறகு மேஜை மேலிருந்த ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டுவதற்கான அறிவிப்பு. ‘திரேஸ்புரம் வளன் என்பவர் கடல் அறியாதவர் என இதன்மூலம் பொதுமக்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது.’ முத்திரை மட்டும் பாக்கி.

வளன் அதை இரண்டு முறை வாசித்தார்.

“ஐயா, எனக்குக் கடல் தெரியும்.”

“தெரிந்தால் பார் எங்கே?”

“இருக்கு ஐயா.”

“எங்கே இருக்கிறது?”

வளன் மறுபடி அந்தத் தாளைப் பார்த்தார். பவுல் முகம் அவர் கண்முன் வந்திருக்கும். முப்பத்துநான்கு வள்ளமும் வந்திருக்கும். இயக்குநர் முத்திரை மையைத் திறந்தார். உண்மையிலேயே வருத்தமாக இருந்தது அவருக்கு. “இல்லாத பாரை வைத்து முப்பத்துநான்கு குடும்பத்துக்கு ஏழு நோட்டில் சோறு போட்டிருக்கிறீர்கள். அழகான கற்பனை. ஆனால் பாருங்கள், ஒரு மீனவர் எழுதியது போல இல்லை” என்றார்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பார் மக்கா. உள்ளே தள்ளுவேன் என்று மிரட்டியிருந்தாலும் தெற்கேதான் கை காட்டியிருப்பார். எழுதுகிறவன் வாயைத் திறக்க வைக்க அதெல்லாம் தேவையில்லை. நீ எழுதியது பொய் என்று சொன்னால் போதும். வளன் சொல்லிவிட்டார். சத்தமாகக்கூட இல்லை. கரையில் இருக்கிற நான்கு அடையாளங்கள், எது எதற்குப் பின்னால் மறைய வேண்டும், வாடைக்காற்றில் எவ்வளவு விலகி நிற்க வேண்டும், எல்லாம். அந்த நாலு பெயரையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை.

செந்தில்முருகன் எழுதிக்கொண்டே வந்தவன் பாதியில் பேனாவை நிறுத்தினான். இதை எழுதித்தான் ஆக வேண்டுமா சார் என்று கேட்டான். எழுதாவிட்டால் இவர் சொன்னதற்கு என்ன சான்று என்றார் இயக்குநர். எழுதிய தாளின் மேல் சிவப்பில் ‘ரகசியம்’ என்று குத்தி, இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை வளன் கண்முன்னாலேயே பையில் போட்டுக்கொண்டார். வளனுக்குப் பாதி உயிர் திரும்பியது.

வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் சொன்னார். அந்த அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

“யார்ட்ட சொன்ன?”

“ஆபீஸ்லதான்.”

“ஆபீஸ்னா ஆளு யாரு?”

விடிந்ததும் வளனே பவுலிடம் போய்ச் சொன்னார். பவுல் வையவில்லை. கொஞ்ச நேரம் தூண்டில் முள்ளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பிறகு, “எப்பம் வருவானுவன்னு சொன்னானா?” என்று மட்டும் கேட்டார்.

நிறுவனத்தின் விதிமுறைகளில் வெளிப்படைத்தன்மை பற்றிய விதி ஒன்று இருந்தது. ரகசியம் என்று முத்திரையிட்ட ஆவணங்கள் அனைத்தும் இணையதளத்தில் வெளியிடப்பட வேண்டும். எவை எவை ரகசியம் என்று பொதுமக்கள் அறிந்துகொள்ள அதுதான் வழி. வெளியிட்டார்கள். வாசகர்களின் வசதிக்காக, நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு நான்கு அடையாளங்களையும் அட்சரேகை தீர்க்கரேகையாக மாற்றிக் கொடுத்திருந்தது. அந்த ஆபீஸ் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அது. ஒரு பாகம்கூடப் பிசகவில்லை.

ஒன்பதாம் நாள் இழுவைமடிப் படகுகள் வந்தன. பத்தொன்பது படகு. முதல் நாள் மடியில் கலவாயும் விளமீனும் வந்தது. இரண்டாம் நாள் பார்க்கல் உடைந்து உடைந்து வந்தது. மூன்றாம் நாள் சேறு வந்தது. முப்பத்துநான்கு வள்ளமும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. கல்லை என்ன செய்வது என்று தெரியாமல் துறைமுகத்தில் கொட்டினார்கள். அதில் வடிவான துண்டு ஒன்றை நிறுவனத்தார் வாங்கி வந்து வரவேற்பறையில் கண்ணாடிக்குள் வைத்து, ‘நெய்தல் வாழ்வின் அரிய சின்னம், தொடாதீர்கள்’ என்று எழுதினார்கள்.

பவுல் தலைமையில் எல்லோரும் படியேறி ஆபீஸுக்குப் போனார்கள். அங்கே மரியாதையாகத்தான் நடத்தினார்கள். இந்த நிறுவனம் இலக்கியத்தை மட்டுமே கவனிக்கிறது, புகாரை வாங்க அதிகாரம் இல்லை, ஆனால் அதே புகாரை நாவலாகவோ கவிதையாகவோ எழுதிக் கொடுத்தால் உண்மைதானா என்று சோதித்துச் சொல்கிறோம் என்றார்கள். பவுலுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரைத் திரும்பிப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் மனம் வரவில்லை.

வளன் தனியாகப் போய், என் புத்தகம் வேண்டாம், ஏழு நோட்டையும் திருப்பித் தந்துவிடுங்கள் என்று கேட்டார். நூலை விலக்கிக்கொள்ள வேண்டுமானால் அதில் உள்ளது தன் வாழ்க்கைதான் என்று ஆசிரியர் நிரூபிக்க வேண்டும். அதற்கு மெய்ம்மைச் சான்று வேண்டும். சான்றுக்குத்தான் மறு ஆய்வு நடக்கப் போகிறதே, கவலைப்படாதீர்கள் என்றார்கள்.

மறு ஆய்வுக்கு ஒலியலைக் கருவி வைத்த படகில் போனார்கள். இந்தத் தடவை செந்தில்முருகனுக்கு வாந்தி வரவில்லை. வளன் சொன்ன இடத்தில், சொன்னபடி, இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளியில் நின்றார்கள். கருவியின் திரையில் கீழே ஒரு கோடு, பலகை போல நேராக ஓடியது. அவன் அதை வெகுநேரம் பார்த்தானாம். வேறு என்ன எழுத முடியும்? ‘பார் இல்லை. அடித்தளம் சமம்’ என்று எழுதினான். மறுவாரம் அவன் சாயர்புரத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாகப் போய்விட்டான் என்று கேள்வி.

இரண்டாம் விசாரணையில் இயக்குநர் கனிவாகவே பேசினார். “முதலில் ஒரு இடம் சொன்னீர்கள், இல்லை. இரண்டாவது ஒரு இடம் சொன்னீர்கள், அங்கேயும் இல்லை. ஆனாலும் உங்கள் உழைப்பை வீணாக்க எங்களுக்கு மனமில்லை. கற்பனைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தேவதைக் கதைகள், பேசும் விலங்குகள் எல்லாம் அதில் வரும். அந்தப் பிரிவுக்குச் சான்று தேவையே இல்லை. மூன்றே வாரத்தில் அச்சிட்டுவிடலாம்.”

அச்சிட்டார்கள். சொன்ன தேதிக்கு முன்னாலேயே.

அதற்குள் திரேஸ்புரத்தில் முக்கால்வாசி வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. சிலர் உப்பளத்துக்குப் போனார்கள். காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் மூலமாக நாலு பேர் வளைகுடாவுக்குப் போனார்கள். நிறுவனத்தில் கடலோர மக்களின் பிரதிநிதி ஒருவராவது பணியில் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததாம். இத்தனை வருஷம் ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடந்த இடம். அதில் பவுலைப் போட்டார்கள். கேட்டில் காவல். நீலச் சட்டை, இரண்டு அளவு பெரிது. தொப்பி காதில் நின்றது.

வளன் தன் பங்குக்குக் கிடைத்த பத்துப் பிரதிகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். கேட்டில் பவுலை நிமிர்ந்து பார்க்காமல் கடந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். பவுல் கையை நீட்டினார். வளன் ஒன்றை உருவிக் கொடுத்தார். அட்டையில் ஒரு டால்பின் கண்ணாடி போட்டுச் சிரித்தது. பவுல் அதைத் தடவிப் பார்த்தார், திறந்து முகர்ந்து பார்த்தார், முதல் பக்கத்தை விரித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“என்ன போட்டிருக்கு? வாசி.”

வளன் வாசித்தார். “இந்நூலில் வரும் கடல், பார், மீன்கள், மனிதர்கள் யாவும் கற்பனையே. உலகில் உள்ள எதையும் இவை குறிப்பன அல்ல.”

பவுல் புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“சரியாத்தாம்ல போட்டிருக்கானுவ” என்றார்.

உள்ளேயிருந்து இயக்குநரின் கார் ஹாரன் அடித்தது. பவுல் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கேட்டைத் தள்ளித் திறந்தார்.